அச்சு இறுகும் வரை

அந்தப் பல் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் முதலில் டாக்டரைக் கேட்பதில்லை. "ஜோக்கு அண்ணன் இன்னிக்கு இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். இல்லை என்று தெரிந்தால் போதும், அதுவரை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகியவர், "வலி இப்போ கொஞ்சம் பரவாயில்லை, நாளைக்கு வர்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். டாக்டரம்மாவுக்கு இதில் சின்ன வருத்தம் உண்டு. கண்ணு முழிச்சுப் படிச்சது யாரு, பேர் வாங்குறது யாரு! ஆனாலும் அவர் இல்லாமல் அந்த இடம் ஓடாது என்பது டாக்டரம்மாவுக்கே தெரியும்.

ஜோக்கு அண்ணனுக்கு வேலை என்னவோ உதவியாள் வேலைதான். டாக்டரம்மாவின் அப்பாவான பெரிய டாக்டர் காலத்திலிருந்து அங்கே இருக்கிறார். கருவிகளைக் கொதிக்க வைப்பார். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பார். பல் பிடுங்கும்போது வாய் மூடிக்கொள்ளாமல் இருக்கக் கடைவாயில் ரப்பர் கட்டையைச் செருகுவார். பல்செட்டு கட்டுவதற்கு அச்சு எடுக்கும்போது பக்கத்தில் நிற்பார். அந்தக் கடைசி வேலையில்தான் மனுஷன் கில்லாடி.

அச்சு கொடுத்தவர்களுக்குத் தெரியும் அந்த அவஸ்தை. ரோஸ் கலர் மாவைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, லாடம்போல வளைந்த தட்டில் அப்பி, வாய்க்குள் விட்டு மேலே அழுத்திவிடுவார்கள். அது இறுகுகிற வரைக்கும் ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டும். மாவு துளி தொண்டைப் பக்கம் வழிந்துவிட்டதோ, தொலைந்தது. குடலே வாய்க்கு வந்துவிடும்போல ஓங்கரிக்கும். பயில்வான் மாதிரி இருக்கிற ஆட்களெல்லாம் டாக்டரம்மாவின் கையைத் தட்டிவிட்டு வாஷ்பேசினுக்கு ஓடியிருக்கிறார்கள்.

அந்த நேரத்துக்குத்தான் ஜோக்கு அண்ணன். ஆனால் ஒன்று, அவர் யாரையும் சிரிக்க வைக்க மாட்டார். தட்டு வாயில் இருக்கும்போது சிரித்தால் அச்சு பாழ். அதனால் ஜோக்கைச் சொல்லிக்கொண்டே போவார், முடிவை மட்டும் சொல்ல மாட்டார். கேட்கிறவர் அடுத்து என்ன, அடுத்து என்ன என்று தொண்டையை மறந்துபோய், மூக்கால் மூச்சு விட்டபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். டாக்டரம்மா கிண்ணத்தில் மிச்சமிருக்கும் மாவை விரலால் அழுத்திப் பார்த்து, இறுகிவிட்டதென்று தலையை ஆட்டுவார். தட்டு வெளியே வரும். முடிவும் வெளியே வரும்.

கட்டில் கதை ஒன்று வைத்திருந்தார். ஒருத்தர் ஆசை ஆசையாகப் பெரிய கட்டில் வாங்கினாராம். வாசல் வழியாக நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார், கதவைக் கழற்றினார், ஜன்னலைப் பெயர்த்தார், கூரையைப் பிரிக்கலாமா என்று கொத்தனாரைக் கூப்பிட்டார். மாவு இறுகச் சுணங்கினால் பக்கத்து வீட்டுக்காரர், எதிர்வீட்டுக்காரர், தச்சர் என்று ஆள் ஆளாக வந்து யோசனை சொல்வார்கள். தட்டு வெளியே வந்ததும்தான் சொல்வார்: "கடைசியில கட்டிலை வெளியிலயே விட்டுட்டு, அதைச் சுத்திப் புது வீடு கட்டிட்டாராம். குடியேறின அன்னிக்கு அவர் சம்சாரம் கேட்டாங்களாம், அது சரிங்க, இப்போ பழைய வீட்டுல இருக்கற பீரோவை எப்படி இங்க கொண்டு வர்றது?" வாயெல்லாம் ரோஸ் மாவோடு ஆட்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

பெரிய டாக்டர் ஒருநாள் ரப்பர் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். "இங்கிலீஷ்காரன் சரியான கஞ்சன்ப்பா. இந்தக் கட்டைக்குப் பேரு காக், ஜி ஏ ஜி. ஒருத்தன் வாயில துணியை அடைச்சுப் பேசவிடாம பண்ணினா அதுவும் காக். ஓங்கரிச்சா அதுவும் காக். நீ அளந்து விடறியே, அந்த ஜோக்கும் காக்தான்."

"அப்போ எனக்கு நாலு சம்பளம் வரணுமே டாக்டர்!"

பெரிய டாக்டர் சிரித்த சிரிப்பு வரவேற்பறை வரை கேட்டது. சம்பளம் என்னவோ ஒன்றுதான் வந்தது.

வீட்டிலும் ஆள் இப்படித்தான். மாடியில் இரண்டு அறை, ஒரு சின்ன சமையல்கட்டு, அதில் அவர், மனைவி, ஒரே பையன். பையன் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தான். அப்பனைத் தூக்கிச் சாப்பிடுகிற வாய். இரண்டு பேரும் சேர்ந்துவிட்டால் அந்த அம்மாவின் பாடு திண்டாட்டம்தான். கேலிக்கு அகப்படுவது எப்போதும் ஒரே விஷயம், வெந்நீர். எது வந்தாலும் அவளுக்கு வெந்நீர்தான் மருந்து. வயிற்று வலியா, வெந்நீர் குடி. தலைவலியா, வெந்நீர் குடி. பையன் பரீட்சையில் கோட்டை விட்டு வந்தபோதுகூட ஒரு டம்ளர் வெந்நீரை முன்னால் வைத்தவள் அவள். "அம்மா, இதைக் குடிச்சா கணக்குல பாஸாயிடுவேனா?" என்று அவன் கேட்க, "பேசாம குடிடா" என்றாள். அவள் தம்பியும் சின்ன வயதிலிருந்து அக்கா கையால் குடம் குடமாகக் குடித்தவன். அவன் வந்தால் மூன்று பேரும் சேர்ந்துகொண்டு கிண்டலடிப்பார்கள். அவளும் கோபப்படுவதுபோலக் கோபப்பட்டுக்கொண்டே அடுப்பைப் பற்ற வைப்பாள்.

இப்படி இருந்த குடும்பம்.

பையனுக்குச் சளிக் காய்ச்சல் என்று ஆரம்பித்தது நுரையீரலில் போய் உட்கார்ந்துகொண்டது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் போட்டு, பேசவே கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மத்தியான நேரம். அவன் கொஞ்சம் தெளிவாக இருக்கிறான் என்று அம்மாக்காரி பிளாஸ்கை எடுத்துக்கொண்டு கீழே கேன்டீனுக்குப் போனாள். எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

அவள் போன கொஞ்ச நேரத்தில் பையன் மாஸ்கைக் கொஞ்சம் தூக்கினான். "அப்பா, அம்மா வர்றதுக்குள்ள நான் தூங்கிடறேன். இல்லேன்னா அந்த வெந்நீரைக் குடிக்க வெச்சுடுவாங்க" என்றான். ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு இரண்டையும் மூடிக்கொண்டான்.

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நடிக்கிறான் படவா என்று நினைத்துக்கொண்டு அப்படியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மனைவி பிளாஸ்கோடு வந்தபோது, "உஷ், தூங்கறான்" என்று சிரித்த முகமாகச் சொன்னார். அவள் போய் அவன் நெற்றியில் கை வைத்தாள். அப்புறம் நடந்ததெல்லாம் சாவு விழுந்த எல்லார் வீட்டிலும் நடக்கிறதுதான், அதை விவரிக்க எனக்கு வாய் வரவில்லை.

சுடுகாட்டுக்குப் போய்த் திரும்பியபிறகு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜோக்கு அண்ணன் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. உடம்பு முழுக்க மரத்துப்போகிற ஊசி போட்ட மாதிரி இருந்தது. கிள்ளினாலும் தெரிந்திருக்காது. மைத்துனன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "மாமா, கடைசியா ஏதாவது பேசினானா?" என்று கேட்டான்.

அவர் சொன்னார். எப்படிச் சொன்னார் என்கிறீர்கள்? தொழில் வாசனை எங்கே போகும்! நர்ஸ் திட்டியது, பிளாஸ்க், கேன்டீன் என்று இழுத்து இழுத்து, மாவு இறுகட்டும் என்று காத்திருக்கிறவர்போல நிறுத்தி, கடைசியில்தான் பையன் சொன்னதைச் சொன்னார். மைத்துனன் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தவன், குபீரென்று வாய்விட்டுச் சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே இன்னும் அழுதான். பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

உள்ளே பெண்களுக்கு நடுவில் கிடந்தவளுக்கு அழுகை கேட்கவில்லை, சிரிப்பு மட்டும் கேட்டது. எழுந்து வாசலுக்கு வந்தாள். தலை கலைந்து, குரல் கட்டிப்போய், ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக வந்தது.

"என் பிள்ளை போன அன்னிக்கு இங்க ஜோக்கா? இனிமே இந்த வீட்ல உங்க வாயிலேருந்து ஒரு சிரிப்புப் பேச்சு வரக்கூடாது. வந்துதுன்னா நான் இங்க இருக்க மாட்டேன்."

"அக்கா, அது வந்து, அவன்தான்" என்று தம்பி ஆரம்பித்தான். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "எனக்கு எதுவும் கேக்க வேண்டாம்." அவன் அதற்குப்பிறகு அக்கா முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு வருவதையே குறைத்துக்கொண்டான்.

அன்றோடு சரி. வாய்ப்பூட்டு என்றால் வாய்ப்பூட்டு. ஜோக்கை மட்டுமா நிறுத்தினார்? எந்தப் பேச்சு எங்கே போய் ஜோக்காக முடியுமோ என்ற பயத்தில் பேச்சையே நிறுத்திவிட்டார். "சாப்பாடு போடட்டுமா?" "ம்." "விளக்கை அணைக்கட்டுமா?" "ம்." அவ்வளவுதான் அந்த வீட்டில் பேச்சு. அவளும் வெந்நீர் வைப்பதை விட்டுவிட்டாள். இரண்டு பேரும் ஒரே அறையில், ஒருத்தர் இருக்கிறது ஒருத்தருக்குத் தெரியாதமாதிரி நடமாடினார்கள். சண்டை கிடையாது. சண்டை போடக்கூட உள்ளே சூடு கொஞ்சம் இருக்க வேண்டுமே.

ஆனால் ஒரே ஒரு விஷயம் மட்டும் அவருக்கு மரத்துப்போகவில்லை. பையன் கடைசியாகப் பேசியது அம்மாவைப் பற்றி. அது அவளுக்குச் சேர வேண்டியது. மைத்துனனுக்குத் தெரியும், வாசலில் இருந்த யாரோ இரண்டு பேருக்குத் தெரியும், பெற்றவளுக்கு மட்டும் தெரியாது. பலமுறை சொல்ல வாயெடுப்பார். அதை எப்படிச் சொன்னாலும் ஜோக்காகத்தான் வரும். பையனே ஜோக்காகத்தானே சொன்னான்! அதோடு இன்னொரு பயமும் இருந்தது. 'அப்போ கடைசி நேரத்துல என் பிள்ளை என்கிட்டேருந்து தப்பிக்கத்தான் பார்த்தானா' என்று அவள் எடுத்துக்கொண்டால்? மென்று விழுங்கிவிட்டு, "ம்" என்பார்.

வேலைக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தார். அங்கே கட்டிலும் பீரோவும் வழக்கம்போல ஓடின. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதுபோல வாய் பாட்டுக்குச் சொல்லும், ஆட்கள் சிரிப்பார்கள், அவர் காதில் எதுவும் விழாது. ஒரு வாடிக்கைக்காரர், "அண்ணே, முன்னைவிட இப்போ பிரமாதமா சொல்றீங்க, முகத்துல ஒரு சிரிப்பில்லாம!" என்று பாராட்டிவிட்டுப் போனார். பாராட்டாம், பாராட்டு! அங்கே ஜோக் சொல்வதை வீட்டில் அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

இந்த நிலைமையில்தான் மனைவிக்கு முன்பல் இரண்டு ஆடி விழுந்தது. சாப்பிடச் சிரமம், பேசினால் காற்று போகிறது. பேச்சுதான் இல்லையே, அதனால் அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. விஷயம் எப்படியோ டாக்டரம்மா காதுக்கு எட்டிவிட்டது. "நம்ம ஆஸ்பத்திரியை வெச்சுக்கிட்டு இப்படியா விடுவாங்க? நாளைக்கே கூட்டிட்டு வாங்க அண்ணே" என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். கூட்டிக்கொண்டு வந்தார். அங்கே ஜோக் சொல்வது தெரிந்துவிடுமோ என்பதுதான் வழியெல்லாம் அவருக்கு யோசனை.

பயந்தது வீண்போகவில்லை. அவர் கருவிகளை எடுத்து வைக்க உள்ளே போன நேரத்தில் வரவேற்பறையில் ஒரு தையல்காரர் அவளைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதான் ஜோக்கு அண்ணன் வீட்டம்மாவா? குடுத்து வெச்சவங்கம்மா நீங்க! போன வாரம் எனக்கு அச்சு எடுத்தப்போ கட்டில் கதை சொன்னாரு பாருங்க, இன்னும் நினைச்சு நினைச்சுச் சிரிக்கிறேன். வீட்ல எப்பவும் கலகலன்னு இருக்கும், இல்ல?"

கதவுக்கு உள்ளே நின்ற ஜோக்கு அண்ணனுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. தீர்ந்தது என்று நினைத்தார். நினைத்தாரே தவிர, பதற்றம்கூட வரவில்லை. தட்டைத் துடைத்து வைத்தார்.

அவள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. டாக்டரம்மா மாவைக் குழைத்து வாய்க்குள் வைத்ததுதான் தாமதம், உடம்பு தூக்கிப்போட ஓங்கரித்து, தட்டைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டாள். மறுபடி குழைத்து வைத்தார்கள். மறுபடியும் அதேதான். கண்ணும் மூக்கும் ஒழுக, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "என்னால முடியாதும்மா, விட்டுடுங்க" என்றாள்.

டாக்டரம்மா திரும்பினார். "அண்ணே, ஏன் மரம் மாதிரி நிக்கிறீங்க? ஊருக்கெல்லாம் சொல்றீங்க, சொந்த வீட்டுக்குச் சொல்ல மாட்டீங்களா?"

"இவங்களுக்கு ஜோக்கு ஆகாது டாக்டரம்மா."

அப்போதுதான் மனைவி அவரைப் பார்த்தாள். கோபமா, வெறுப்பா, களைப்பா என்று அவருக்குப் பிடிபடவில்லை. டாக்டரம்மாவுக்கும் ஒன்றும் புரியவில்லை. "சரி, கடைசியா ஒரே ஒரு தடவை" என்று மூன்றாம் முறை குழைத்தார். தட்டு உள்ளே போனது. அவள் தொண்டை எகிற ஆரம்பித்தது. கை நாற்காலியின் கைப்பிடியை விட்டுவிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

"ஒண்ணு சொல்றேன்" என்றார் அவர். "ஜோக்கான்னு எனக்குத் தெரியலை. வேண்டாம்னா கையை விட்டுடு."

கை விடவில்லை. பிடி இறுகியது. பேசாதே என்கிறாளா, பேசு என்கிறாளா என்று யாரால் சொல்ல முடியும்? வாயில் தட்டு இருக்கிறதே.

"நீ பிளாஸ்கை எடுத்துட்டுக் கீழே போனே. லிஃப்ட் ஓடலைன்னு வெளியில யாரோ சொல்லிட்டிருந்தாங்க. அவன் கதவையே பார்த்துட்டிருந்தான். அம்மா படியில இறங்கிப் போறாங்களான்னு கையைக் காட்டிக் கேட்டான். ஆமான்னேன். முட்டி வலியோட எதுக்குன்னு முகத்தைச் சுளிச்சான். எதிர்க் கட்டில்காரர் குறட்டை விட்டார். அதைக் காட்டி, நீங்களும் இப்படித்தான்னு சைகையிலயே என்னைக் கிண்டல் பண்ணினான். அப்புறம் மாஸ்கைத் தூக்கினான். நான் வேண்டாம்டா, நர்ஸ் திட்டுவாங்கன்னேன். ஒரு தடவை மட்டும்னு விரலைக் காட்டினான்."

கட்டில் கதைக்கு இருக்கும் அதே குரல்தான், ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. ஆனால் இழுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. அவள் பார்க்காத அந்தக் கொஞ்ச நேரம் முழுவதும் அவரிடம் அப்படியே இருந்தது. போர்வையை இழுத்துவிட்டது, தலையணையைத் திருப்பிப் போட்டது என்று எடுத்து எடுத்துச் சொன்னார். அவள் ஓங்கரிக்கவில்லை. மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, இமைகூடக் கொட்டாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுப் பக்கம் இறங்கியது. டாக்டரம்மா கிண்ணத்து மாவை அழுத்திப் பார்ப்பதை மறந்து நின்றவர், திடுக்கிட்டு அழுத்திப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்தார். அச்சு சுத்தமாக வந்திருந்தது.

அவள் கொப்பளிக்கவில்லை. உதட்டில் ரோஸ் மாவோடு காத்திருந்தாள்.

"அப்பா, அம்மா வர்றதுக்குள்ள நான் தூங்கிடறேன், இல்லேன்னா அந்த வெந்நீரைக் குடிக்க வெச்சுடுவாங்கன்னு சொன்னான். சொல்லிட்டுக் கண்ணைச் சிமிட்டினான். நான் சிரிச்சேன். அதைத்தான் அன்னிக்கு உன் தம்பிகிட்ட சொன்னேன்."

அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பாகத் தொடங்கி எங்கேயோ போய் முடிந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா தண்ணீர் டம்ளரை நீட்டினார். அவள் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை.

"வேற என்ன சொன்னான்?" என்று கேட்டாள்.

அவர் யோசித்தார். இன்னும் ஏதாவது இருக்கக்கூடாதா என்று நிஜமாகவே தேடிப் பார்த்தார்.

"வேற ஒண்ணும் சொல்லலை. அவ்வளவுதான்."

அவள் தலையை ஆட்டினாள். டாக்டரம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, "கீழ்ப் பல்லுக்கும் ஒரு அச்சு எடுக்கணும்மா. இன்னிக்கு வேண்டாம்னா இன்னொரு நாள் வெச்சுக்கலாம்" என்றார்.

"இன்னிக்கே எடுத்துடுங்க." அவள் வாயைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். கணவனின் மணிக்கட்டை மறுபடி பிடித்துக்கொண்டாள்.

"அதையே சொல்லுங்க" என்றாள். "நான் பிளாஸ்கை எடுத்துட்டுப் போனதுலேருந்து."

வாயைத் திறந்தாள்.